விற்பவன் ஆப்தன் ஆவானா?

ஒருவருடைய வீட்டுக்குள் புற்றுநோய் தரும் வாயு இருக்கிறதா இல்லையா என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? அமெரிக்காவில் இதற்கு நடைமுறையில் உள்ள விடை சற்று விநோதமானது. அதைச் சோதித்துச் சொல்லக் கூலி வாங்குகிறவர்தான் பெரும்பாலும் சொல்கிறார். ரேடான் சோதனை அங்கே ஒரு தொழில். சோதிப்பவர்கள், ஆய்வுக்கூடங்கள், வாயுவை வெளியேற்றக் குழாயும் விசிறியும் பொருத்தித் தருபவர்கள் என்று பலருக்கு அதில் பிழைப்பு. ஜனவரியை ரேடான் மாதமாக அரசே அனுசரிக்கிறது. குளிருக்குச் சன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு மக்கள் வீட்டோடு கிடக்கிற காலம் அது; விளம்பரக்காரருக்கு அதைவிட நல்ல பருவம் வாய்க்காது. உங்கள் பிள்ளைகள் எதைச் சுவாசித்துக்கொண்டு தூங்குகிறார்கள் தெரியுமா என்ற தொனியில் விளம்பரங்கள் வரும். பயம் காட்டி விற்பது தவறு என்று உடனே சொல்லிவிடலாம். அந்தப் பயம் நியாயமானதாக இருந்துவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். உண்மையைச் சொல்வதால் ஆதாயம் அடைகிறவன் சொல்லும் உண்மையை எப்படி எடுத்துக்கொள்வது? வியாபாரக் கேள்வி போலத் தெரிந்தாலும், நம் தருக்க நூல்கள் வெகு காலத்துக்கு முன்பே சுற்றிச் சுற்றி வந்த கேள்விதான் இது.

அறிவு வந்து சேரும் வழிகளை அந்த நூல்கள் அளவை என்றன. அளவைகள் எத்தனை என்பதில் சமயத்துக்குச் சமயம் வழக்கு உண்டு. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்கிவிடும். ரேடான் விஷயத்தில் முதலில் தோற்பது காட்சி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சு முட்டாது, இருமல் வராது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியத்திலிருந்து பிறக்கும் வாயு அது. 3.8 நாளில் பாதியாகிவிடும். அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம் தூசியோடு நுரையீரலுக்குள் போய் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிர்களை வீசுகிறது. நோய் வருவதாக இருந்தால் பல ஆண்டு கழித்துத்தான் வரும். வந்தபிறகும், இது ரேடானால் வந்ததா என்று ஒரு தனி நோயாளியைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கருதலும் உதவாது. பக்கத்து வீட்டில் குறைவாக இருப்பதால் நம் வீட்டிலும் குறைவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்க வழியில்லை. அடித்தளத்தில் விட்ட விரிசல், குழாய் நுழையும் இடைவெளி, வீட்டுக்குள் சூடான காற்று மேலே எழும்போது கீழேயுள்ள மண்ணிலிருந்து காற்றை இழுக்கும் வேகம், அடியில் கிடக்கும் பாறை எல்லாமே வீட்டுக்கு வீடு மாறும். எஞ்சுவது உரை ஒன்றுதான். யாரோ சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஸ்டான்லி வாட்ராஸுக்குச் சொன்னது ஓர் எந்திரம். பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையம் இன்னும் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கியிராத 1984 டிசம்பர் அது. அங்கே பொறியாளராக இருந்த வாட்ராஸைக் கண்டதும், ஊழியர்கள் உடம்பில் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி அலறியது. தேடிப் பார்த்ததில் அவர் அதை வீட்டிலிருந்து சுமந்துகொண்டு வந்தது தெரிந்தது. வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான். அமெரிக்க வீடுகளின் சராசரி 1.3, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 4. இதற்குப் பிறகுதான் வீட்டு ரேடான் தேசியக் கவலையாகி, 1988-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. அந்தக் கருவி வாட்ராஸிடம் எதையும் விற்க வரவில்லை. வேறு காரியத்துக்காக நிறுத்தி வைத்திருந்த கருவி. ஆதாயமில்லாத சாட்சி என்றால் அதுதான். மற்ற கோடிக்கணக்கான வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு சாட்சி வாய்க்காது. வீட்டுக் காற்றைச் சோதித்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிட முகமைக்கு அதிகாரம் இல்லை. 4 என்பது வெறும் ஆலோசனை, மீறினால் தண்டனை கிடையாது. அரசு வாசலோடு நின்றுகொள்ளும் நாட்டில் வாசலைத் தாண்டி உள்ளே போகிறவன் வியாபாரிதான்.

உரை எப்போது அளவையாகும்? சொல்பவன் ஆப்தனாக இருந்தால் என்பது நியாய மரபின் விடை. ஆப்தன் என்றதும் ஆசையற்ற முனிவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் அப்படிக் குறுக்கவில்லை. பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார். அந்தக் காலத்துக்கு இது பெரிய தாராளம். குலமோ துறவோ தகுதி ஆகவில்லை என்றால் வியாபாரியை மட்டும் எப்படி வெளியே தள்ளுவது? வேதம் நம்பத்தக்கது என்பதற்கு நியாய சூத்திரம் ஆயுர்வேதத்தையே எடுத்துக்காட்டாக வைக்கிறது. வைத்தியர் காசு வாங்கியதால் வைத்தியம் பொய்யாகிவிடவில்லை. எனவே லாபம் மட்டுமே ஒருவனை ஆப்த நிலையிலிருந்து இறக்கிவிடாது. 'அறிந்தபடியே' என்ற நிபந்தனை முறியும்போதுதான் அவன் இறங்குகிறான். ரேடான் விளம்பரத்தில் குற்றம் இருக்குமானால், பயம் காட்டுவதிலோ காசு வாங்குவதிலோ அதைத் தேட வேண்டியதில்லை. எவ்வளவு பயப்பட வேண்டும், யார் பயப்பட வேண்டும் என்பதை அறிந்திருந்தும் விழுங்கிவிடுவதில்தான் அது இருக்கிறது.

இந்த வாதம் நிற்க வேண்டுமானால் அபாயம் முதலில் மெய்யாக இருக்க வேண்டும். இல்லை என்பவர்கள் உண்டு. அவர்கள் விரும்பிக் காட்டுவது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் பெர்னார்ட் கோஹனின் ஆய்வை. ரேடான் கூடுதலாக உள்ள கவுன்ட்டிகளில் நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடாமல், குறைந்திருப்பதாக அவர் 1995-இல் காட்டினார். நேர்மையான, பிடிவாதமான உழைப்பு அது. ஆனால் கவுன்ட்டியின் சராசரி யாருடைய நுரையீரலும் ஆகாது. ரேடான் அதிகமுள்ள பகுதியில் புகைப்பவர்கள் குறைவாக இருந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். நோயாளிகளை ஒவ்வொருவராக எடுத்து, அவர்கள் வாழ்ந்த வீடுகளின் ரேடானையும் அவர்களுடைய புகைப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான கணக்கில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் அடக்கம். கன மீட்டருக்கு 100 பெக்கெரல், அதாவது லிட்டருக்கு 2.7 பிக்கோகியூரி கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு 16 சதவீதம் உயர்கிறது என்று அது முடிவு கண்டது. அதே ஆண்டு வட அமெரிக்காவின் 7 ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் அதே திசையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆக வியாபாரி கையில் வைத்திருப்பது கட்டுக்கதை இல்லை.

இதே வாயுவை இதே நாட்டில் மருந்தாக விற்றதும் உண்டு. 1920களில் ரெவிகேட்டர் என்றொரு ஜாடி வந்தது. உட்புறம் கதிரியக்கத் தாது பூசியது. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் ரேடான் கரைந்திருக்கும், நாள் முழுக்கக் குடிக்கலாம், உடம்பு நோவெல்லாம் தீரும் என்றார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த வகைச் சாதனங்களில் தலையிட்டது, எதற்கென்றால் ரேடான் போதாமல் இருப்பவற்றைப் போலி என்று ஒதுக்குவதற்கு. குறைந்தபட்சம் இவ்வளவு ரேடான் தந்தால்தான் அங்கீகாரம் என்று அளவு வைத்தது. இன்றும் மான்டனா மாநிலத்தில் போல்டர் ஊரை ஒட்டிய பழைய சுரங்கங்களில் மூட்டுவலிக்காரர்கள் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து ரேடானைச் சுவாசித்துவிட்டு வருகிறார்கள். அன்றைய ஜாடிக்காரரும் இன்றைய சோதனைக்காரரும் ஒன்று என்று சொல்ல இதை எடுக்கவில்லை. ஒருவர் சொன்னது பொய், மற்றவர் சொல்வது மெய். ஆனால் வாங்குகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதைப் பற்றி உறுதியாகப் பேசும் ஒருவர், பின்னால் அறிவியலின் பெயர், கையில் ரசீதுப் புத்தகம். விற்பவரின் உறுதியை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு வேறொன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 21,000 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக முகமை மதிப்பிட்டிருக்கிறது. விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் எண் இது. அதே மதிப்பீட்டின் அடுத்த வரி அவ்வளவாக வருவதில்லை. அந்த 21,000 பேரில் வாழ்நாளில் புகைக்காதவர்கள் சுமார் 2,900 பேர்தான். மீதிப்பேர் புகைப்பவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள். ரேடானும் புகையும் சேரும்போது ஒன்றை ஒன்று பெருக்கிவிடுகின்றன. 4 பிக்கோகியூரி உள்ள வீட்டிலேயே வாழ்நாளெல்லாம் கழிக்கும் ஆயிரம் பேர் புகைப்பவர்களாக இருந்தால் அவர்களில் சுமார் 62 பேருக்கும், புகைக்காதவர்களாக இருந்தால் சுமார் 7 பேருக்கும் அந்தப் புற்றுநோய் வரக்கூடும் என்கிறது முகமையின் அட்டவணை. ஏழு என்பது புறக்கணிக்கும் எண் அல்ல. ஆனால் 62 பேர் கூட்டத்தில் இருக்கிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது சிகரெட்டை விடுங்கள் என்பதுதான். அதில் ரேடான் வியாபாரிக்குப் பைசா கிடையாது. புகைக்காத குடும்பத்திடம் 21,000 என்று முழங்கிவிட்டு 2,900-ஐ விழுங்குகிறவர் பொய்யே சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் மெய். கேட்டவர் மனதில் போய் உட்கார்ந்த எண்ணம்தான் பொய். தராசு விற்க வந்தவனே எடையில் கைவைப்பது போன்றது இது. அவன் விற்பதே அளவை, மிகைப்படுத்துகிற நேரத்தில் சொந்தச் சரக்கையே செல்லாததாக்குகிறான். அரசும் இதில் சுத்தம் இல்லை. 1986-இல் முகமை வெளியிட்ட முதல் மக்கள் கையேடு ரேடான் அளவுகளை மார்பு எக்ஸ்ரேக்களோடும் சிகரெட் பாக்கெட்டுகளோடும் ஒப்பிட்டுத்தான் பயத்தை ஊட்டியது.

4 என்ற எண்ணையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அதை இயற்கை போட்ட கோடு போல விளம்பரங்கள் பேசுகின்றன. யுரேனியக் கழிவு கிடந்த இடங்களைச் சுத்தம் செய்ய வகுத்த வரம்பிலிருந்தும், அன்றைய தொழில்நுட்பத்தால் எவ்வளவு குறைக்க முடியும் என்ற கணக்கிலிருந்தும் வந்த எண் அது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது கன மீட்டருக்கு 100 பெக்கெரல், அதாவது 2.7 பிக்கோகியூரி. பிரிட்டனின் நடவடிக்கை வரம்பு 200. காற்று ஒன்றுதான், நாடுகள் தங்கள் பணத்தையும் பொறுமையையும் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டன. 4.1 வந்த வீட்டைத் தேறாத வீடு என்று சொல்லி ஆயிரக்கணக்கான டாலர் வேலையை அன்றைக்கே தொடங்கச் சொல்வதும், 3.9 வந்த வீட்டைப் பத்திரம் என்று சொல்லி அனுப்புவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். 4.1-க்கும் 3.9-க்கும் நடுவே உள்ள வேறுபாடு கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். சில நாள் வைக்கும் கரித்தூள் டப்பாவின் அளவு வானிலைக்கும் பருவத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். ஆண்டு முழுக்க வைக்கும் கருவிதான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் ஓராண்டு காத்திருங்கள் என்று சொல்லும் விளம்பரம் எங்கே எடுபடும்?

எடுபடாது என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதமும். அளந்து பேசினால் யாரும் அசையமாட்டார்கள், அசையாவிட்டால் சாவார்கள், மிகைப்படுத்தியாவது ஓர் உயிரைக் காப்பது மேல் என்கிறார்கள். இதைத் தட்டிவிட முடியாது. ரேடான் பயத்தைத் தூண்டாத அபாயம் என்பதற்கு நியூஜெர்சியில் நல்ல சாட்சி இருக்கிறது. மான்ட்க்ளேர், க்ளென் ரிட்ஜ், வெஸ்ட் ஆரஞ்ச் ஊர்களில் ரேடியம் கலந்து கிடந்த மண்ணை வெர்னன் என்ற ஊரில் கொண்டுபோய்க் கொட்ட 1986-இல் மாநில அரசு திட்டமிட்டபோது வெர்னன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுடைய சொந்த வீடுகளுக்குள் இயற்கையாகவே ஊறும் ரேடானைச் சோதிக்க அப்படி யாரும் திரளவில்லை. மக்களின் கோபத்துக்கு ஓர் எதிரி வேண்டும், பாறைமேல் யாரும் கோபப்படுவதில்லை என்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாண்ட்மன் இதிலிருந்து வாதிட்டார். அவரோடு ஆய்ந்த நீல் வைன்ஸ்டைன், ரேடான் பிரச்சினை அக்கம்பக்கத்தாருக்கு இருக்கலாம், நமக்கு இருக்காது என்று மக்கள் நம்புவதைக் கண்டார். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவனை வள்ளுவரும் அறிவிலி என்றுதான் சொல்கிறார். பயம் மனிதனை யோசிக்க வைக்கும், ஆனால் தப்ப வழியிருக்கிறது என்ற நம்பிக்கை கூடவே இருந்தால்தான் என்று அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் எழுதினார். எனவே பயம் காட்டுவதை மொத்தமாக விலக்க நான் தயாரில்லை. மிகைப்படுத்தினால்தான் ஆள் அசைவான் என்ற பகுதியைத்தான் ஏற்க முடியவில்லை. இதே ஆய்வாளர்கள் ஒஹாயோவின் கொலம்பஸில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவெடுக்காமல் இருந்தவர்களை அசைத்தது உங்கள் வீட்டிலும் இருக்க வாய்ப்புண்டு என்ற தகவல். சோதிக்கலாம் என்று ஏற்கெனவே நினைத்துவிட்டவர்களை அசைத்தது சோதனை டப்பாவை வாங்கும் வழியைச் சுலபமாக்கியது. கூடுதல் அச்சம் அந்த இரண்டாவது கூட்டத்துக்குத் தேவைப்படவே இல்லை.

பௌத்தத்திலிருந்து இன்னும் நுட்பமான மறுப்பு ஒன்று எழலாம். தாமரை சூத்திரத்தில் எரியும் வீட்டுக் கதை வருகிறது. பிள்ளைகள் உள்ளே விளையாடுகிறார்கள். நெருப்பு என்று தந்தை உள்ளதை உள்ளபடி கத்துகிறார். நெருப்பென்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைகள் விளையாட்டை விடவில்லை. வெளியே ஆட்டு வண்டி, மான் வண்டி, மாட்டு வண்டி வைத்திருக்கிறேன் என்கிறார், ஓடி வருகிறார்கள். சொன்ன மூன்று வண்டிகளும் அங்கே இல்லை. ஆளுக்கொரு பெரிய மாட்டு வண்டி தருகிறார். தந்தை சொன்னது பொய்யா என்று புத்தர் சாரிபுத்திரரைக் கேட்க, இல்லை, வண்டியே தராமல் போயிருந்தாலும் பொய்யில்லை என்கிறார் அவர். புலப்படாத ஆபத்து, கேளாச் செவி, காக்கும் நோக்கம் எல்லாம் ரேடானுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் இந்தக் கதையைத் துணைக்கு அழைக்கும் வியாபாரி இரண்டு இடத்தில் இடறுவார். தந்தை வண்டி விற்றுப் பிழைப்பவர் இல்லை. பிள்ளைகள் வெளியே வருவதால் அவருக்கு மிச்சமானது பிள்ளைகள் மட்டுமே. இரண்டாவது, எரியும் வீட்டில் யோசிக்க நேரமில்லை. ரேடான் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வது. வீட்டுக்காரர் வளர்ந்த மனிதர். முழுக் கணக்கையும் கொடுத்து இரண்டு வாரம் யோசிக்க விட்டால் அதற்குள் யாரும் வெந்துவிடமாட்டார்கள். உபாயத்துக்கு இடம் தருவது அவசரம். அவசரம் இல்லாத இடத்தில் அவசரத்தைச் செயற்கையாக உண்டாக்குவது வேறு வகைக் காரியம்.

அப்படியானால் ரேடான் விற்கும் ஆப்தனை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? தன் விற்பனையைக் குறைக்கும் வாக்கியத்தையும் அவன் சொல்கிறானா என்று பார்ப்பது ஒரு வழி. சில பத்து டாலருக்கு அஞ்சலில் கிடைக்கும் டப்பாவே முதல் சோதனைக்குப் போதும் என்று சொல்கிறானா, அளவு 2 வந்தால் அவசரமில்லை என்கிறானா, புகைப்பவரிடம் புகையைப் பற்றிப் பேசுகிறானா? இப்படிப் பேசினால் கடையை மூட வேண்டியதுதான் என்பார்கள். சிலர் மூடவும் நேரலாம். ஆனால் விற்பவனின் மனச்சாட்சியை மட்டும் நம்பி இதை விட வேண்டியதில்லை. குழாய் பொருத்தியவரே பிறகு வந்து அளவு குறைந்துவிட்டது என்று சொல்வதைவிட, தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு மறுபடி அளக்கச் சொல்கிறது முகமை. வாத்ஸ்யாயனரின் நிபந்தனையை ஒரே ஆளின் நெஞ்சுக்குள் தேடாமல் இரண்டு ஆளுக்குப் பங்கிட்டு வைக்கும் ஏற்பாடு அது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

சந்தை வழியாக மட்டுமே பயணம் செய்யும் உண்மைக்கு இன்னொரு குறை உண்டு, அதற்கு வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தேடிப் போவது வீட்டுச் சொந்தக்காரரை. அதிலும் வீடு கைமாறும் வேளையில், பேரத்தில் இருக்கிறவரை. அமெரிக்கக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குக் குடியிருப்பவை. ரேடான் முதலில் தேங்குவது தரைக்குக் கீழே உள்ள அறைகளில். வாடகை குறைவு என்பதால் அங்கே குடியேறுகிறவர்கள் தரையைத் துளைத்துக் குழாய் இறக்க முடியாது, அதனால் அவர்களுக்கு விற்க ஒன்றுமில்லை, அதனால் அவர்களிடம் யாரும் சொல்வதும் இல்லை. மேய்ன் போன்ற சில மாநிலங்கள் வாடகை வீட்டைச் சோதித்துக் குடியிருப்பவருக்கு முடிவைத் தெரிவிக்கும் பொறுப்பை உரிமையாளர் மேல் சட்டமாகவே சுமத்தியிருக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை.